பாரகன் சிட்டியில் முதல் இருபது லெவல்: சிட்டி ஆஃப் ஹீரோஸுக்குப் புதிதாக வருபவர்களுக்கு

சிட்டி ஆஃப் ஹீரோஸ் விளையாட ஒரு ரூபாய்கூட வேண்டாம். இலவசம் என்று உள்ளே இழுத்துவிட்டு, பத்தாவது லெவலில் கார்டு நம்பர் கேட்கும் வேலையும் இங்கே கிடையாது. எல்லாச் சக்திகளும், எல்லா உடைகளும், எல்லாக் கதைகளும் முதல் நாளிலிருந்தே திறந்திருக்கின்றன. சூப்பர்ஹீரோ ஆன்லைன் விளையாட்டுகளில் எதிலிருந்து தொடங்கலாம் என்று கேட்பவர்களுக்கு நான் யோசிக்காமல் இதைத்தான் சொல்வேன்.

இது எப்படி இலவசமானது என்பதை மட்டும் சுருக்கமாகத் தெரிந்துகொள்ளுங்கள். கிரிப்டிக் ஸ்டூடியோஸ் உருவாக்க, கொரியாவின் என்சிசாஃப்ட் 2004 ஏப்ரலில் வெளியிட்டது. அப்போது மாதச் சந்தா கட்டி ஆட வேண்டும். 2012 நவம்பர் 30 அன்று சர்வர்களை நிறுத்திவிட்டார்கள். மூடப்போகிறார்கள் என்ற செய்தி வந்ததும் ஆட்டக்காரர்கள் விளையாட்டுக்குள் இருக்கும் அட்லஸ் பார்க் சதுக்கத்தில் கையில் தீப்பந்தத்தோடு கூடி நின்றார்கள். ஆறு ஆண்டுக்குமேல் ஆனபின், 2019-இல், விளையாட்டின் மூல நிரல் வெளியே வந்தது. ரசிகர்களே சர்வர் அமைத்தார்கள். அப்படி எழுந்தவற்றில் பெரியது ஹோம்கமிங். 2024 ஜனவரியில் என்சிசாஃப்ட் அவர்களுக்கு முறையான உரிமமே கொடுத்துவிட்டது. செலவுக்கு மாதாமாதம் நன்கொடை திரட்டுகிறார்கள். அந்த மாதத்துக்கு வேண்டிய தொகை சேர்ந்ததும் வாங்குவதை நிறுத்திவிடுவார்கள். நன்கொடை கொடுத்தவருக்கும் கொடுக்காதவருக்கும் விளையாட்டுக்குள் எந்த வித்தியாசமும் இல்லை.

கணக்கும் சர்வரும்

ஹோம்கமிங்கின் அதிகாரப்பூர்வத் தளத்தில் கணக்கு தொடங்கி, அங்கேயே கிடைக்கும் லாஞ்சரை, அதாவது விளையாட்டை நிறுவித் திறக்கும் நிரலை, இறக்கிக்கொள்ளுங்கள். விண்டோஸிலும் மேக்கிலும் ஓடும். 2004-இல் பிறந்த விளையாட்டு என்பதால் வீட்டில் இருக்கும் பழைய லேப்டாப்பே பெரும்பாலும் போதும். திணறினால் கிராஃபிக்ஸ் அமைப்பில் நிழலையும் தண்ணீர்ப் பிரதிபலிப்பையும் குறையுங்கள், சரியாகிவிடும்.

அப்புறம் சர்வர். எக்செல்சியரில் கூட்டம் அதிகம். எவர்லாஸ்டிங்கில் பாத்திரமாகவே பேசி நடிப்பவர்கள் கூடுகிறார்கள். டார்ச்பேரர் நிதானமான இடம். இன்டாமிட்டபிள் ஆட்டக்காரர்கள் ஒருவரோடு ஒருவர் மோத விரும்புபவர்களுக்கானது. ரியூனியன் ஐரோப்பாவில் இருக்கிறது. சென்னையிலோ யாழ்ப்பாணத்திலோ இருந்து ஆடுபவர் இரண்டைக் கவனிக்க வேண்டும். ஒன்று தூரம்: நமக்குக் கிட்டத்தில் இருப்பது ரியூனியன். இன்னொன்று நேரம்: அமெரிக்கக் கிழக்குக் கரையில் இரவு எட்டு மணி என்றால் நமக்கு விடியற்காலை ஐந்தரை, குளிர்காலத்தில் ஆறரை. ஜெர்மனியில் இரவு எட்டு என்றால் நமக்கு இரவு பதினொன்றரை, குளிர்காலத்தில் பன்னிரண்டரை. காலையில் எழுந்து ஆடுபவர் எக்செல்சியருக்கும், இரவு விழிப்பவர் ரியூனியனுக்கும் போனால் டீம் எளிதாகக் கிடைக்கும். இது அதிரடி விளையாட்டு அல்ல. சக்தியைத் தேர்ந்தெடுத்து அழுத்தும் வகை. அதனால் பிங், அதாவது சர்வருக்குத் தகவல் போய் வரும் தாமதம், கொஞ்சம் கூடினாலும் தாங்கும். ஆனால் பக்கத்தில் ஆள் இல்லாத நேரத்தில் ஆடினால் பாதி சுவை போய்விடும்.

பாத்திரம் உருவாக்குவது

இங்கே அவசரப்படாதீர்கள். முதலில் கேட்பது ஆர்க்கிடைப், அதாவது சண்டையில் உங்கள் பங்கு என்ன என்பது. டேங்கர் அடியைத் தன்மேல் வாங்கிக்கொள்வார். ஸ்கிராப்பர் நெருங்கி நின்று அடிப்பார். பிளாஸ்டர் தூரத்திலிருந்து பொசுக்குவார், ஆனால் உடம்பு தாங்காது. கன்ட்ரோலர் எதிரிகளை அசையவிடாமல் கட்டிப்போடுவார். டிஃபெண்டர் கூட்டாளிகளைக் காப்பார். வில்லன் பக்கத்தில் தோன்றிய புரூட், கரப்டர், டாமினேட்டர், மாஸ்டர்மைண்ட், ஸ்டாக்கர் ஐவரையும் இப்போது ஹீரோவாகவே தொடங்கலாம். ஹோம்கமிங் சேர்த்த சென்டினல் என்ற வகையும் உண்டு. தூரத்திலிருந்து அடித்துக்கொண்டே தன்னையும் காத்துக்கொள்ளும்.

ஆர்க்கிடைப் ஒவ்வொன்றுக்கும் இரண்டு சக்தித் தொகுப்புகள் தேர்ந்தெடுக்க வேண்டும், முதன்மை ஒன்று, துணை ஒன்று. முதல் பாத்திரத்துக்கு என் பரிந்துரை ஸ்கிராப்பர், அதில் கட்டானாவும் வில்பவரும். காரணம் இருக்கிறது. இந்த விளையாட்டில் புதியவரைத் தொல்லைப்படுத்துவது உயிர்ப் பட்டை அல்ல, அதன் கீழே இருக்கும் நீலப் பட்டை. அதன் பெயர் எண்ட்யூரன்ஸ். ஒவ்வோர் அடிக்கும் அது கரையும், தீர்ந்தால் கை கட்டிப்போட்ட மாதிரி நிற்க வேண்டியதுதான். வில்பவரில் பின்னால் வரும் குயிக் ரிகவரி அந்தப் பட்டையை வேகமாக நிரப்பும். அதோடு காயம் தானாக ஆறும் சக்தியும் அந்தத் தொகுப்பில் உண்டு. தனியாகவும் ஆடலாம், டீமிலும் ஆடலாம்.

யாருக்காவது துணை நின்று ஆடத்தான் மனம் என்றால் தயங்காமல் டிஃபெண்டர் எடுங்கள். தனியாகப் போனால் மெதுவாகத்தான் நகரும். ஆனால் எந்த டீமும் உங்களை வேண்டாம் என்று சொல்லாது. மாஸ்டர்மைண்ட் அடியாட்களை வைத்து ஆடும் வகை. கேட்க நன்றாக இருக்கும், ஆனால் அவர்களை மேய்க்கும் கட்டளைகளே தனிப் பாடம். இரண்டாவது பாத்திரத்துக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

உடை உருவாக்கும் திரைதான் இந்த விளையாட்டின் பெருமை. உயரம், தோள் அகலம், தாடை எலும்பு வரை இழுத்து மாற்றலாம். கவசம், அங்கி, இறக்கை, வால், இயந்திரக் கை, கிழிந்த கால்சட்டை என்று துண்டுதுண்டாகப் பொருத்திக்கொள்ளலாம். ஒரு சின்ன யோசனை: முதலில் இரண்டே நிறங்களை முடிவு செய்து, அவற்றை எல்லாத் துண்டுகளுக்கும் போடுங்கள். மூன்றாவது நிறத்தைப் பெல்ட், கையுறை போன்ற ஒரே இடத்தில் மட்டும் வையுங்கள். உடை உடனே ஓர் ஆளுடையதாகத் தெரியும். சக்திகளின் நிறத்தையும் மாற்றலாம் என்பதைப் பலர் கவனிப்பதில்லை. கறுப்புத் தீ வேண்டுமா, பச்சை மின்னல் வேண்டுமா, இங்கேயே அமைத்துக்கொள்ளுங்கள்.

பெயர் ஆங்கில எழுத்தில்தான் இட வேண்டும், இடைவெளியோடு சேர்த்து 20 எழுத்துக்குள். திரைப்படத்திலும் காமிக்ஸிலும் பார்த்த ஹீரோவை அப்படியே நகல் எடுக்காதீர்கள். 2004-இலேயே இதற்காக மார்வெல் வழக்குத் தொடுத்தது, 2005 டிசம்பரில் சமரசத்தில் முடிந்தது. இன்றைக்கும் நகல் பாத்திரம் கண்ணில் பட்டால் பெயரையும் உடையையும் அழித்துவிடுவார்கள். அதைவிட முக்கியம், நகல் எடுக்க இங்கே அவசியமே இல்லை. கொற்றவையை மனதில் வைத்து ஈட்டி ஏந்திய ஒருத்தியை உருவாக்கலாம், ஊர் எல்லையில் நிற்கும் காவல் தெய்வத்தின் மீசையும் அரிவாளும் கொண்ட ஒருவரை உருவாக்கலாம். பாத்திரத்தின் கதையை எழுத ஓர் இடமும் கொடுத்திருக்கிறார்கள். நாலு வரியாவது எழுதுங்கள், மற்ற ஆட்டக்காரர்கள் உண்மையிலேயே படிக்கிறார்கள்.

அட்லஸ் பார்க்கில் முதல் மணி நேரம்

பயிற்சிப் பகுதியை ஒருமுறையாவது ஆடிவிடுங்கள், கை பழகும். டபிள்யூ, ஏ, எஸ், டி நடக்க, ஸ்பேஸ் குதிக்க, டேப் அடித்தால் அருகிலிருக்கும் எதிரியைக் குறிவைக்கும், எண்களை அழுத்தினால் சக்திகள். எம் அடித்தால் வரைபடம். கன்ட்ரோலை அழுத்திக்கொண்டு ஒரு சக்தியைக் கிளிக் செய்தால் அது தயாராகும்போதெல்லாம் தானாக இயங்கும்.

வெளியே வந்தால், கதை நடக்கும் பாரகன் சிட்டியின் அட்லஸ் பார்க். உலக உருண்டையைத் தோளில் சுமந்த மாபெரும் சிலை, அதன் பின்னே நகர மன்றம். அங்கே நிற்கும் மிஸ் லிபர்ட்டிதான் உங்கள் முதல் பயிற்சியாளர். அனுபவப் புள்ளி நிரம்பினால் மட்டும் லெவல் ஏறிவிடாது, இவரிடம் வந்து பேசினால்தான் புதுச் சக்தியோ, சக்தியை வலுப்படுத்தும் ஸ்லாட்டோ கிடைக்கும். சதுக்கத்திலேயே ஸ்டார்ட் என்ற விற்பனையாளரும் உண்டு. பழைய ஆட்டக்காரர்கள் பி2டபிள்யூ என்பார்கள், இரண்டும் ஒன்றுதான். முதல் வேலையாக அங்கே போய்க் கூடுதல் தாக்குதல் சக்திகளை வாங்குங்கள். சில இலவசம், சிலவற்றுக்கு இன்ஃபுளுயன்ஸ் வேண்டும். இன்ஃபுளுயன்ஸ் என்பதுதான் இந்த நகரத்தின் காசு. ஆரம்ப லெவல்களில் கைவசம் இரண்டு மூன்று சக்திதான் இருக்கும். அவை மறுபடி தயாராகும்வரை சும்மா நிற்காமல் இந்தக் கூடுதல் அடிகள் கைகொடுக்கும். வேகமாக ஓட நிஞ்சா ரன்னும் அங்கேயே கிடைக்கும். இரட்டிப்பு அனுபவப் புள்ளி தரும் பூஸ்டர்களும் விற்கிறார்கள், ஆனால் அதைப் போட்டால் இன்ஃபுளுயன்ஸ் வருவது நின்றுபோகும். முதல் பாத்திரத்துக்கு வேண்டாம் என்பேன்.

அடுத்து மேத்யூ ஹபாஷி. இவர் கொடுக்கும் வேலைகள்தான் முதல் கதை. வரைபடத்தில் சிவப்புக் குறி காட்டும் கதவைத் தேடிப் போய்த் திறந்தால், உள்ளே இருக்கும் கட்டடம் உங்கள் டீமுக்கு மட்டுமே உரியது. வேறு யாரும் நுழைந்து உங்கள் எதிரியைத் தட்டிப் பறிக்க முடியாது.

எதிரியின் பெயர் எந்த நிறத்தில் தெரிகிறது என்று பார்த்துவிட்டுக் கை வையுங்கள். வெள்ளை என்றால் உங்களுக்குச் சமம். நீலமும் பச்சையும் உங்களைவிடக் கீழே. மஞ்சள், ஆரஞ்சு மேலே. சிவப்பும் ஊதாவும் தெரிந்தால் தனியாக நெருங்காதீர்கள். தோற்றால் மருத்துவமனையில் எழுவீர்கள். லெவல் கூடக்கூட, தோல்விக்குக் கொஞ்சம் அனுபவக் கடன் ஏறும். அடுத்து வரும் புள்ளிகளில் ஒரு பங்கு அதை அடைக்கப் போகும், அவ்வளவுதான். பயந்து ஒதுங்கி ஆட வேண்டிய அளவுக்கு அது பெரிதில்லை.

சண்டையில் எதிரிகள் உதிர்க்கும் வண்ண உருண்டைகள்தான் இன்ஸ்பிரேஷன். இதை நன்றாகப் பிடித்துக்கொண்டால் ஆட்டமே மாறும். பச்சை உயிரைக் கூட்டும், நீலம் எண்ட்யூரன்ஸை நிரப்பும், சிவப்பு அடியின் வலுவைக் கூட்டும், ஊதா உங்கள்மேல் விழும் அடிகளைத் தவறவைக்கும், மஞ்சள் உங்கள் குறியைக் கூர்மையாக்கும், ஆரஞ்சு வாங்கும் அடியைத் தணிக்கும். புதியவர்கள் இவற்றைச் சேர்த்து வைத்துக்கொண்டே இருப்பார்கள். பை நிறைந்தால் புதிதாக விழுவது வீணாகும். ஆகவே செலவழியுங்கள். ஒரே வகையில் மூன்று இருந்தால், அதன்மேல் வலது கிளிக் செய்து வேறொரு வகையாக மாற்றிக்கொள்ளலாம். கதையின் கடைசி அறையில் தலைவன் நிற்கிறான், உங்களிடம் மஞ்சள்தான் குவிந்து கிடக்கிறது என்றால், கதவுக்கு வெளியிலேயே நின்று மூன்று மூன்றாகச் சேர்த்து இரண்டு ஊதாவும் ஒரு சிவப்பும் ஆக்குங்கள். உள்ளே போகும் முன் இரண்டு ஊதாவையும் போட்டுக்கொள்ளுங்கள். அதுவரை உங்களை வீழ்த்திக்கொண்டிருந்தவனின் அடி பாதிக்குமேல் காற்றில் போகும்.

சக்தியும் ஸ்லாட்டும்

ஒரு லெவலில் புதுச் சக்தி, அடுத்த லெவலில் ஸ்லாட்கள் என்று மாறிமாறி வரும். ஒரு சக்திக்கு அதிகபட்சம் ஆறு ஸ்லாட். அவற்றில் என்ஹான்ஸ்மென்ட் எனும் மேம்பாட்டுத் துண்டுகளைப் பொருத்தி அந்தச் சக்தியை வளர்க்கிறீர்கள். நீங்கள் உண்மையில் உருவாக்கும் பாத்திரம் இங்கேதான் உருவாகிறது.

ஒரு விதியை மட்டும் நினைவில் வையுங்கள். ஒரே வகை என்ஹான்ஸ்மென்டை ஒரு சக்தியில் மூன்றுக்குமேல் போட்டால் பலன் சட்டென்று சரியும். சேதத்தைக் கூட்டுவதை ஆறு ஸ்லாட்டிலும் அடுக்குவது வீண். தாக்குதல் சக்திக்கு அக்யூரசி (அடி தவறாமல் படுவது) ஒன்று, சேதம் மூன்று, எண்ட்யூரன்ஸ் குறைப்பு ஒன்று, மறுபடி தயாராகும் வேகம் ஒன்று என்பது எந்தப் பாத்திரத்துக்கும் பொருந்தும் நல்ல அடிப்படை. அக்யூரசி ஏன் முதலில் என்றால், ஆரம்பத்தில் விளையாட்டே உங்கள் குறியைக் கொஞ்சம் கூட்டிக் கொடுக்கிறது. இருபதாவது லெவலை நெருங்க நெருங்க அந்தச் சலுகை கரைந்து, சம லெவல் எதிரிமேல் 75 சதவீத அடிதான் படும் என்ற நிலை வந்துவிடும். எவ்வளவு கூட்டினாலும் 95-ஐத் தாண்டாது. பதினெட்டு, பத்தொன்பதாம் லெவலில் திடீரென்று எதுவுமே படவில்லை என்று புலம்புபவர்கள் அக்யூரசி போடாதவர்கள்தான்.

எல்லோருக்கும் தானாகக் கிடைக்கும் ஸ்டாமினா என்ற சக்தியைப் பலர் திறந்துகூடப் பார்ப்பதில்லை. அதற்கு ஒன்றிரண்டு ஸ்லாட் ஒதுக்கி எண்ட்யூரன்ஸ் மாடிஃபிகேஷன் போடுங்கள். அந்த நீலப் பட்டைப் பிரச்சினை பாதி தீர்ந்துவிடும்.

கடையில் வாங்கும் சாதா என்ஹான்ஸ்மென்ட்கள் நீங்கள் லெவல் ஏறஏற வலுவிழக்கும், மாற்றிக்கொண்டே இருக்க வேண்டும். இன்வென்ஷன் என்ற இன்னொரு வகையைப் போட்டால் அப்படி ஆகாது. காசு? வழியில் விழும் சால்வேஜ் பொருட்களை ஏலத்தில் விற்றாலே போதும். சாட் பெட்டியில் சாய்கோடு போட்டு ஏ, ஹெச் என்று தட்டினால் நின்ற இடத்திலேயே ஏலக்கடை திறக்கும். விலையைக் குறைவாகப் போட்டாலும் நஷ்டமில்லை, காத்திருக்கும் ஏலத்தில் மிக உயர்ந்த தொகைதான் உங்களுக்கு வரும். ஆரஞ்சு நிறத்தில் வரும் அரிய சால்வேஜ் ஒன்று விழுந்தால் ஆரம்பச் செலவைப் பற்றிக் கவலையே வேண்டாம்.

நான்காம் லெவலிலேயே பயணச் சக்தி எடுக்கலாம். ஃப்ளை மெதுவானது, ஆனால் தெருச்சண்டை எதுவும் உங்களைத் தொடாது. சூப்பர் ஸ்பீடு வேகமானது, சுவரில் முட்டிக்கொள்வீர்கள். சூப்பர் ஜம்ப் இரண்டுக்கும் நடுவில். முதல்முறை என்றால் ஃப்ளை எடுங்கள். அந்த நகரத்தை மேலிருந்து பார்ப்பதற்காகவே எடுக்கலாம்.

டீமில் சேருங்கள்

தனியாகவே உச்ச லெவலான ஐம்பது வரை போக முடியும். ஆனாலும் டீமில் ஆடாதவர் இந்த விளையாட்டைப் பார்க்கவே இல்லை என்பேன். எட்டுப் பேர் வரை சேரலாம். தலைவர் 40, நீங்கள் 6 என்றாலும் பரவாயில்லை, டீமில் இருக்கும்வரை உங்கள் லெவலைத் தலைவருக்கு ஒன்று குறைவாக விளையாட்டே உயர்த்திவிடும். மற்ற விளையாட்டுகளில் நண்பன் முன்னால் போய்விட்டான், இனி சேர்ந்து ஆட முடியாது என்ற வருத்தம் உண்டே, அது இங்கே கிடையாது.

முதலில் டெத் ஃப்ரம் பிலோ. அட்லஸ் பார்க்குக்குக் கீழே சாக்கடைச் சுரங்கத்தில் நடக்கும் குறுகிய ஆட்டம், கடைசியில் ஹைட்ரா வரும். முதல் லெவலிலேயே போகலாம், ஒரு சுற்றிலேயே சில லெவல் ஏறும். டீம் தேடுவதற்கான எல்எஃப்ஜி சேனலில் டிஎஃப்பி என்று சுருக்கமாக யாராவது கூப்பிட்டுக்கொண்டிருப்பார்கள். நான் புதியவன், சேர்த்துக்கொள்வீர்களா என்று கேட்டால் போதும். கேள்விகளுக்கு ஹெல்ப் சேனல் இருக்கிறது. பல ஆண்டுகள் மூடிக் கிடந்த விளையாட்டை மீட்டெடுத்தவர்கள் இவர்கள். புது ஆள் வந்தால் உண்மையாகவே மகிழ்கிறார்கள்.

எட்டாம் லெவல் ஆனதும் ஸ்டீல் கேன்யனில் பாசிட்ரான் தரும் டாஸ்க் ஃபோர்ஸ், அதாவது டீமாகவே தொடர்ந்து ஆடும் கதைத் தொடர். கொஞ்சம் நீளமானது, இடையில் எழுந்து போகக் கூடாது. ஒரு மணி நேரமாவது கைவசம் இருந்தால் மட்டும் சேருங்கள்.

ஒரு எச்சரிக்கை. ஆர்க்கிடெக்ட் என்ற வசதியில் ஆட்டக்காரர்களே கதை அமைக்கலாம், 2009-இல் வந்தது. அதில் எதிரிகளை மந்தையாகக் குவித்து, ஒருவர் அழிக்க மற்றவர் வாசலில் சும்மா நின்று லெவல் ஏறும் ஃபார்ம்களும் உண்டு. வா, இரண்டே நாளில் ஐம்பது ஆக்கிவிடுகிறேன் என்று நல்ல மனதோடுதான் கூப்பிடுவார்கள். முதல் பாத்திரத்துக்கு அன்போடு மறுத்துவிடுங்கள். ஐம்பதில் போய் நின்றால் இருபது சக்தி இருக்கும், எதை எப்போது அழுத்துவது என்று கைக்குத் தெரியாது. கதைகளையும் தாண்டிப் போயிருப்பீர்கள்.

எந்தக் கதைகள்

ஐந்திலிருந்து பதினைந்து வரை ஹாலோஸ். வெடித்துச் சிதறி நடுவில் பள்ளமாகிப்போன பகுதி. டேவிட் வின்காட்டிடம் தொடங்கி, ஃப்ளக்ஸ் என்பவர் வரை தொடர்ந்தால் ஃப்ராஸ்ட்ஃபயரைச் சந்திப்பீர்கள். அவன் இருக்கும் கட்டடத்தின் உள்ளே பனியால் சறுக்குப் பாதையே செய்து வைத்திருக்கிறான். எட்டுப் பேரும் மேலே ஏறப் பார்த்துச் சறுக்கி விழும் காட்சியைத் தனியாகப் பார்ப்பதில் அர்த்தமில்லை, டீமோடு போங்கள்.

பதினைந்துக்கு மேல் ஃபால்ட்லைன். அங்கே பெனிலோப் யின் என்ற சிறுமியைச் சந்திப்பீர்கள். இருபதைத் தாண்டி இண்டிபெண்டன்ஸ் போர்ட் போனால், அதே பெனிலோப் யின் உங்களுக்கு டாஸ்க் ஃபோர்ஸ் கொடுக்கிறாள். முன்னதை ஆடிவிட்டு வந்தவருக்குத்தான் அதன் அருமை தெரியும். பிறகு ஸ்ட்ரைகா தீவு, அதற்கப்புறம் சூனியக்காரிகளும் பழங்கதைப் பிராணிகளும் உலவும் குரோட்டோவா. லெவல் வேகமாக ஏறிக் கதை கைநழுவும்போல இருந்தால், ஆப்ஷன்ஸ் மெனுவில் அனுபவப் புள்ளி வருவதையே நிறுத்திவைக்கலாம். தவறவிட்ட கதைகளைப் பின்னால் ஊரோபோரோஸ் என்ற காலப்பயண வசதி வழியாகத் திரும்பிப் போய் ஆடவும் முடியும்.

வில்லன் பக்கம் எப்படி இருக்கும் என்று பார்க்க வேண்டுமானால் புதுப் பாத்திரம் தேவையில்லை. பாக்கெட் டி என்ற கேளிக்கை விடுதிக்குப் போங்கள். அங்கே நிற்கும் லாரியின் மேல் நல் தி கல் என்ற கடற்பறவை உட்கார்ந்திருக்கும். அதனிடம் பேசினால் பக்கம் மாற்றிவிடும், திரும்பி வரவும் அதே பறவைதான்.

ஆடி முடித்து வெளியேறும்போது நின்ற இடத்திலேயே மூடிவிடாதீர்கள். மருத்துவமனை, பயிற்சியாளர் அருகு, ரயில் நிலையம், உடைக்கடை என்று எந்த இடத்தில் வெளியேறுகிறீர்களோ அதற்கேற்ற டே ஜாப் சேரும். நீங்கள் தூங்கும்போதும் வேலைக்குப் போயிருக்கும்போதும் அது வளர்ந்துகொண்டே இருக்கும், அடுத்தமுறை வரும்போது சின்னச் சலுகை தரும். வராத நாட்களுக்குப் பேட்ரோல் அனுபவமும் சேர்ந்திருக்கும், கொஞ்ச நேரத்துக்குப் புள்ளிகள் கூடுதலாக வரும். அனுபவக் கடன் மிச்சம் இருந்தால் அதில்தான் முதலில் கழியும்.